சாமியாகிப் போன என் சக்கரம்

பழைய தோட்டத்து ஆட்கள் நாலு பேர் கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ கூடிவிட்டால் சின்ன வயதுக் கூட்டாளிகளைப் பற்றித்தான் பேச்சு வரும். யார் யாரோடு ஆற்றில் குதித்தது, யாரை யார் கொய்யா மரத்திலிருந்து தள்ளிவிட்டது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போவீர்கள். நான் ஓரத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "நீ என்னா ஒண்ணும் பேச மாட்டேங்குற, ஒனக்குக் கூட்டாளியே இல்லயா?" என்று போன தடவை உங்களில் ஒருவர் கேட்டீர்கள். சிரித்து வைத்தேன்.

கூட்டாளி இருந்தது. அது ஒரு இரும்புச் சக்கரம். இதை வாயால் சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் எங்கள் காம்பரா நடுவில் இருந்தது. காம்பராக்களுக்கு நடுவே சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் எல்லா வீட்டிலும் அழும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் மணக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், நீங்கள் அதில் நன்றாகத் தூங்கியும் இருப்பீர்கள். எனக்கு முடியவில்லை. தகரத்தில் விழும் மழை, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் விடிகாலைப் பெரட்டுத் தப்பு, பக்கத்து வீட்டு மாமாவின் இருமல், ஏதோ ஒரு பானை உருளும் சத்தம் எல்லாம் எனக்கு ஒன்றாகக் கலந்து வராது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு காதுக்குள் வரும். முகங்களும் அப்படித்தான். ஒரு முகத்தைப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அது வேறு முகமாக மாறிவிடும்.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும். நான் உட்காரும் வாங்குக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவேன். வாத்தியார் நல்ல மனிதர். அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வருடம் வீட்டில் வைத்திருங்கள், மூளை கொஞ்சம் முற்றட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். பலாக்காயைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அது கவ்வாத்துக் காலம். தேயிலைச் செடியை வெட்டிவிட்டிருப்பதால் கொழுந்து குறைவு. வெட்டிய மிலாறை விறகாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், லயமெல்லாம் அந்தப் பச்சைப் புகை. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை பேக்டரியை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். அங்கே இலை உருட்டும் ரோதையில் நின்றார். மத்தியானம் அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோவது என் வேலையாயிற்று.

ஸ்டோருக்குள் பெரிய சத்தம் இருந்தது. ஆனால் அது ஒரே சத்தம். ரோதை சுற்றும், தரை நடுங்கும், அந்த நடுக்கம் உள்ளங்காலில் ஏறி முழங்காலுக்கு வரும். திடீரென்று எதுவும் நடக்காது. வாடின இலையின் மணம் ஈரமும் இனிப்புமாக இருக்கும். ரொட்டியைக் கொடுத்த பிறகும் நான் போக மாட்டேன். அப்பா அதைத் தன் மேலுள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டார். பாசமும் இருந்தது, ஆனால் நான் நின்றது தரைக்காக.

ஒரு நாள் ரோதை கடகடவென்று அடித்து நின்றுபோனது. உள்ளே பல்சக்கரம் ஒன்றில் ஒரு பல் உடைந்துவிட்டது. கழற்றி ஸ்டோருக்குப் பின்னால் பழைய இரும்புகளோடு போட்டார்கள். நான் அங்கே போய் உட்கார்ந்து அதைத் தொட்டேன்.

ரொட்டித்தட்டு அளவு இருக்கும், கனம் மட்டும் ஒரு பிள்ளையின் கனம். முதலில் ஜில்லென்று இருக்கும். கையை வைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக என் சூட்டை வாங்கிக்கொள்ளும். கேட்டுப் பறிக்காது, தானாக வாங்கிக்கொள்ளும். பற்கள் ஒன்று போல் இருக்கும். விரலை ஓட்டிக்கொண்டு வந்தால் அடுத்தது எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். உடைந்த இடம் வரும்போதும் அது வரப்போகிறது என்று தெரியும். கறுப்பு எண்ணெயும் பழைய தேயிலைத் தூளும் சேர்ந்த ஒரு வாசம். நடுவில் ஒரு ஓட்டை. அதில் வாயை வைத்து "ம்ம்ம்" என்றால் அந்தச் சத்தம் இரும்புக்குள் போய்த் திரும்பி என் தாடையிலும் நெற்றியிலும் கேட்கும். அப்படிக் கேட்கும்போது வேறு எந்தச் சத்தமும் என்னை இடிக்காது.

ஒரு தடவை அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டோர் சாமானைத் தூக்கி வந்தால் வேலை போய்விடும் என்று அப்பா பயந்து, இருட்டுவதற்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு தினமும் நானே அங்கே போய்வந்தேன்.

இப்போது கண்டி டவுனில் ஒரு இரும்புக் கடையின் பின்பக்கத்தில் வேலை செய்கிறேன். ஆணி, நட்டு, போல்ட்டு வகை பிரித்துப் பெட்டிகளில் போடும் வேலை. முன்பக்கத்துக்கு என்னை அனுப்ப மாட்டார்கள், எனக்கும் அதுதான் வசதி. போன வருடம் அக்காவின் பேரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகத் துணைக்குப் போனேன். பையன் ஒரு சைக்கிள் மணியைக் கையிலிருந்து விடமாட்டான். டாக்டரம்மா அவனோடு நெடுநேரம் இருந்துவிட்டு, ஓட்டிசம் என்று சொன்னார். இது வருத்தம், நோய் ஒன்றுமல்ல, இவன் இப்படி ஒரு மாதிரிப் பிள்ளை, மணியைப் பிடுங்காதீர்கள் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த ஒருவனைப் பற்றியதாக இருந்தது. எல்லாரும் வெளியே போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, பெரியவர்களுக்கும் அது இருக்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் ஒரு போல்ட்டு கனத்துக்கொண்டிருந்தது. "இருக்கும். சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கவ்வாத்துக் காலம்தான் ஞாபகம் வந்தது.

ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் ரோதை முனி இருந்தார். உங்கள் தோட்டத்திலும் இருந்திருப்பார். ஒரு கல், ஒரு சூலம், சுற்றிலும் கம்பி வேலி. கவ்வாத்துக் காலத்தில் மெசின்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டும்போது முனிக்குச் சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ரோதையில் கை வைப்பார்கள். அந்த வருடம் ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா புதியவர், பூசையை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார். பிறகுதான் பல் உடைந்தது. எல்லாருக்கும் பயம். பூசாரிதான் ரொம்பவும் பயந்தார். அவரும் ஸ்டோர் ஆள்தான், இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர்.

இந்த நேரத்தில்தான் பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் நானா லொறியோடு வந்தார். அலவத்துகொடக்காரர். வெள்ளைத் தொப்பி, பெரிய வயிறு, மெதுவான பேச்சு. டீமேக்கர் ஐயாவோடு பேசி முடித்து, பின்பக்கத்து இரும்பையெல்லாம் ஏற்றச் சொன்னார். ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி, என் சக்கரத்துக்கு வந்தார்கள்.

நான் இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப் பிடித்து விரல்களைக் கோத்துக்கொண்டேன். இழுத்துப் பார்த்தார்கள், அதட்டினார்கள், ஒருவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். சக்கரமும் சேர்ந்து வந்தது. நான் அழவில்லை. ஓட்டையில் வாயை வைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், "ம்ம்ம்" என்று முனகத் தொடங்கினேன். பயத்தில் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. இரும்புக்குள்ளிருந்து அது ஏழு வயதுப் பையனின் குரலாக வெளியே வரவில்லை.

பூசாரி அடுப்பிலிருந்து ஓடிவந்தார். உடம்பெல்லாம் சாம்பலும் வேர்வையும். என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பிவிட்டார். "முனி பேசுது" என்றார்.

பிறகு என்னிடம் கேள்வி கேட்டார். பூசை நின்றதில் கோபமா? நான் முனகினேன். கோபம்தான் என்று எல்லாரிடமும் சொன்னார். இந்த இரும்பைத் தோட்டத்தைவிட்டு அனுப்பக் கூடாதா? நான் முனகினேன். கூடாதாம் என்றார். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டாவது பதில் சரியானதுதான். டீமேக்கர் ஐயாவின் முகத்தில் நிறம் இல்லை. நானா மற்ற இரும்போடு லொறியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் என் சக்கரத்தை வேலிக்குள் கொண்டுபோய் முனியின் கல்லோடு சாய்த்து வைத்தார்கள். எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, ஒவ்வொரு பல்லுக்கும் குங்குமம் வைத்து, உடைந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தினார்கள். வேலிக்குள் பூசாரியைத் தவிர யாரும் போகக் கூடாது. சாமி வந்த பிள்ளையாக இருந்தாலும் கூடாது.

அடுத்த நாளிலிருந்து எங்கள் காம்பராவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காணாமல் போன மாடு, பிள்ளைக்குக் காய்ச்சல், மருமகளின் கோபம் என்று என்னிடம் கேட்டார்கள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். எல்லாரும் என்னைத் தொட்டார்கள். தலையில் கை வைத்தார்கள், காலைத் தொட்டார்கள், நெற்றியில் திருநீறு அப்பினார்கள். அது காய்ந்து தோலை இழுக்கும். ஒருவர் தொட்ட இடம் அடுத்தவர் தொடும் வரைக்கும் எனக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு அம்மா மாட்டைப் பற்றிக் கேட்டபோது நான் தாங்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சுவர் இருந்த பக்கத்து ஓடையில் மாடு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு பங்கானது.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நான் வாய் திறந்து பேசாததால் அதுவரைக்கும் அவருக்குப் பெயர் ஊமையன் அப்பன். இப்போது கங்காணி அவரை அண்ணே என்று கூப்பிட்டார். தேத்தண்ணிக் கடையில் எழுந்து கதிரை கொடுத்தார்கள். அப்பா முடியை வழித்துச் சீவத் தொடங்கினார். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது, அதைக்கூட விட்டுவிட்டார்.

நான் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். காய்ந்த ரொட்டி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கடிப்பேன். மணிக்கட்டைக் கடித்துக் கடித்துத் தோல் தடித்துவிட்டது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் வேலிக்குள் நுழைந்து சட்டையால் குங்குமத்தைத் துடைத்தேன். எண்ணெயும் மஞ்சளுமாகக் கையெல்லாம் ஒட்டியது, பழைய வாசமே இல்லை. பாதிப் பல்லைத் துடைப்பதற்குள் பூசாரி பார்த்துவிட்டார். என்னை முன்னால் நடக்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையை அடக்கி வையுங்கள், முனி பொல்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அம்மா பேசினார். அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. மலையில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு பேசினார்.

"சாமி வந்த புள்ளயாம். சாமி வந்தா புள்ள இப்படிச் சோறு திங்காம கெடக்குமா? அவனுக்கு வேண்டியது அந்தச் சக்கரம். நீங்க எல்லாருமாச் சேந்து அதப் புடுங்கி வெச்சிக்கிட்டு அவனையே கும்புடுறீங்க."

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "இம்புட்டு நாளா என்னைய யாரு மனுசன்னு மதிச்சா? இப்பத்தான் ரெண்டு பேரு மதிக்கிறான். அது ஒனக்குப் பொறுக்கலயா?" என்றார்.

அம்மா என் மணிக்கட்டைக் காட்டினார். அப்பா பார்க்காமல் வெளியே போய்விட்டார். அப்போது அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவர் முகத்தில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. இந்த வயதில் நினைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது, அதை விட முடியவில்லை.

கொஞ்ச நாளில் மேலும் கழித்துப் போட்ட இரும்புக்காக நானா மறுபடியும் வந்தார். நான் வேலிக்கு வெளியே தரையில் குந்திக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சற்றுத் தள்ளி நின்றார். நானா கையில் தேத்தண்ணியோடு வந்து, என்னைத் தொடாமல், எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அப்பாவிடம்தான் பேசினார், ஆனால் பார்வை சக்கரத்தில் இருந்தது.

"எங்கட ஊட்டுலயும் ஒரு மக ஈக்கிறா. பேச மாட்டா. கைல ஒரு பழைய பூட்டு. அது இல்லாட்டி தூக்கமில்ல."

ஓதிப் பார்க்கவில்லையா என்று அப்பா கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சி. தண்ணி ஓதிக் குடுத்தாங்க, நூல் கட்டினாங்க. நானும் அந்தப் பூட்டப் பறிச்சி ஒளிச்சி வெச்சேன். மூணு நாள் புள்ள கண்ண மூடல்ல. பொறகு ஊட்டுக்காரி சொன்னா, பூட்டு ஒண்டுதானே கேக்குறா, பொன்னா பொருளா, குடுங்க எண்டு. குடுத்தேன்." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அன்னைக்கி ஒங்கட மகன் இதப் புடிச்சிக்கிட்ட நேரம் எனக்கு வெளங்கிச்சி. ஆனா நான் வேற ஆள். ஒங்கட சாமி விசயத்துல நான் வாய் தொறக்க ஏலாதே."

அப்பா அப்போதுதான் குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தார்.

அன்று மாலையே அம்மாவும் அப்பாவும் பூசாரி வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். சக்கரத்தைக் கேட்டதும் பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். ஏறின சாமியை எப்படி எடுப்பது, நாளைக்கு ரோதையில் யாருக்காவது கை போனால் யார் பதில் சொல்வது என்றார். அவர் பயமும் பொய்யில்லை. அம்மா விடவில்லை.

"மாரியம்மன் கோயிலுக்குக் கூர மாத்துனப்ப அம்மனயே கும்பத்துல எறக்கி வெச்சீங்கதானே? அம்மன் எறங்குவா, முனி எறங்க மாட்டாரா?"

பூசாரி யோசித்தார். இறக்கலாம், ஆனால் இறக்கி எதில் ஏற்றுவது, வெறும் கல்லில் மறுபடி ஏற்றினால் முனிக்கு மரியாதைக் குறைவில்லையா என்றார். அதற்கும் வழி கிடைத்தது. அப்பா சொல்லி அனுப்ப, நானா வேறு தோட்டத்தில் வாங்கிய இரும்பிலிருந்து பெரிய சக்கரம் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். ஆள் உயரத்தில் பாதி, பல் ஒன்றுகூட உடையாதது. பூசாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முனிக்கே இப்போதுதான் சரியான வாகனம் கிடைத்திருக்கிறது, பழையது பொக்கை வாய் என்றார். டீமேக்கர் ஐயாவும் இந்தத் தடவை நாள் தள்ளவில்லை. சேவலுக்கும் சாராயத்துக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

பழைய சக்கரத்திலிருந்து ஒரு மஞ்சள் நூலைக் கும்பச் செம்புக்குக் கட்டி, பூசாரி முனியைச் செம்புக்குள் அழைத்தார். செம்பிலிருந்து நூலைப் புதுச் சக்கரத்துக்குக் கட்டி அதில் ஏறச் சொன்னார். முனி ஏறிவிட்டதாக அவர் சொன்னதும் எல்லாரும் கும்பிட்டார்கள். தப்பு அடித்தார்கள். நான் அம்மாவின் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். வெளியே எடுத்தபோது அப்பாவைக் காணவில்லை, என் சக்கரத்தையும் காணவில்லை.

அப்பா மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் இருந்தார். பொழுது இன்னும் இருந்தது. லயத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்பா பீலித் தண்ணீருக்கு அடியில் சக்கரத்தை வைத்து, தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளும் குங்குமமும் கரைந்து அவர் காலடியில் ஓடியது. பூசை முடிந்து அந்த வழியாக வந்த கங்காணி நின்றுவிட்டார்.

"என்னாண்ணே, சாமியப் போயி பொச்சி போட்டுத் தேய்க்கிறீங்க?"

"சாமி அங்க இருக்கு" என்றார் அப்பா. "இது என் மகன் சாமான்."

"அப்ப இனிமே தம்பிக்குச் சாமி வராதா?"

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அண்ணேயும் அந்தக் கதிரையும் அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும்.

"வராது. எப்பவுமே வரல" என்றார்.

கங்காணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். பெண்கள் குடத்தை நிரப்ப அவசரப்படுத்தவில்லை. அப்பா ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விரலை விட்டுத் தேய்த்தார். கடைசியில் தன் சட்டையைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தார். நான் பீலிக்குப் பக்கத்தில் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். சக்கரத்தை என் மடியில் வைக்கக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, நின்றார். பிறகு அதைக் கல்லின் மேல் எனக்கு எட்டும் தூரத்தில், என் கையில் தன் கை படாமல், மெதுவாக வைத்துவிட்டு, நான் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் அங்கேயே நின்றார்.